கடலுக்குப் போன பந்துகளின் சதவீதம்

கணக்கு ரீச்சரைக் கலியாணம் கட்டுகிறவர்கள் அதற்கு முன்பே கோல் காப்பதை விட்டுவிடுவது நல்லது. என் கணவர் ஜூட் அப்படிச் செய்யவில்லை. நானும் எச்சரிக்கவில்லை. எச்சரிக்கிற அளவுக்கு எனக்கு அப்போது புத்தி இருக்கவுமில்லை.

கலியாணமாகிப் புதிது. லிங்கநகரில் வாடகை வீடு. நான் திருகோணமலை ரவுணுக்குள் ஏழாம் தரத்துக்குக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின்னம், தசமம், சதவீதம் மூன்றும் ஒரே ஆள்தான், சட்டைதான் வேறு என்று பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டும். பாடப்புத்தகத்தில் இருந்ததோ ஒரு கேக். அதை நாலாய் வெட்டுவார்கள், எட்டாய் வெட்டுவார்கள், ஒருவரும் தின்ன மாட்டார்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். நான் அப்போதுதான் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போய் வந்திருந்தேன் (பட்டறைக்குப் போய்வந்த ஆசிரியைக்குக் கிட்ட ஒரு மாதத்துக்கு ஒருவரும் போகக்கூடாது). நிஜ வாழ்க்கைத் தரவைக் கொண்டு படிப்பியுங்கள் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். நிஜ வாழ்க்கை எங்கள் வீட்டிலேயே கையுறை போட்டுக்கொண்டு திரிந்தது.

ஜூட்டுக்குப் பகலில் துறைமுகத்தில் வேலை. பின்னேரத்தில் உதைபந்தாட்டக் கழகத்தின் கோல் காப்பாளர். இளந்தாரியாய் இருந்த நாளிலிருந்து அந்தக் கம்பங்களுக்கு நடுவில் நிற்கிறார். ஒரு வெற்றிக் கிண்ணத்தைக்கூடத் தொட்டதில்லை. முழங்கால் சத்தம் போடத் தொடங்கியிருந்தது. "இந்த வருசத்தோட சரி. ஒருக்காவாவது கப் தூக்கினாப் பிறகு விட்டிடுவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருடம் கழகம் நன்றாக ஆடியது. கப் கிடைக்கும் போலத்தான் இருந்தது.

நான் என் வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். பந்து கோலுக்கு வந்தால் கொப்பியில் ஒரு கோடு. தடுத்தால் இந்தப் பக்கம், உள்ளே போனால் அந்தப் பக்கம். பிள்ளைகளை ஜூட்டின் கோலுக்குப் பின்னால் வரிசையாக இருத்திவிட்டு, நான் நிழலில் இருந்து கச்சான் கொறித்தபடி மற்ற மனைவிமாரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். (தரவு சேகரிப்பை மேற்பார்வை செய்வது என்பது இதைத்தான்.) அரையிறுதி வரைக்கும் ஒரு ஆட்டமும் விடவில்லை.

கூட்டிப் பார்த்தால் அவர் தடுத்தது ஐந்தில் ஒன்று. பின்னத்தில் 1/5, தசமத்தில் 0.2, சதவீதத்தில் 20. மீதியில்லை, மீளும் தசமமில்லை. விடையின் அழகில் நான் மயங்கிப்போனேன். ஐந்துக்கு நாலு பந்தை உள்ளே விடுகிற காப்பாளரை வைத்துக்கொண்டு ஒரு கழகம் எப்படி இறுதியாட்டத்துக்கு வந்தது என்ற கேள்வி ஒரு கணமும் மண்டைக்குள் எழவில்லை.

பெற்றோர் கூட்டத்தன்று அதைப் பெரிய மட்டையில் எழுதி வகுப்புச் சுவரில் மாட்டினேன். பெயரைப் போடவில்லை. நாகரிகமாக "காப்பாளர் அ" என்று எழுதியிருந்தேன். அந்தக் கழகத்துக்கு ஒரே ஒரு காப்பாளர்தான் என்பது என் நாகரிகத்துக்குத் தோன்றவில்லை.

கழகத்தின் பயிற்சியாளர் செல்வம் அண்ணையின் மகளும் என் வகுப்புத்தான். அவர் மட்டையின் முன்னால் கன நேரம் நின்றார்.

"ஆர் தங்கச்சி இந்தக் காப்பாளர் அ?"

நான் வாய் திறக்க முன்னம் மகள் முந்திக்கொண்டாள். "ரீச்சர்ர மனிசன் அப்பா! இருவது வீதம்தான் பிடிப்பார்!"

"மெய்யோ? நான் ஜூட் நல்லாத் தடுக்கிறான் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்."

நான் சிரித்துக்கொண்டு சொன்னேன்: "நாங்கள் நினைக்கிறது வேற, தரவு வேற அண்ணை. கணக்குப் பொய் சொல்லாது." அந்த வாய்க்கு அன்றைக்கே பிளாஸ்திரி ஒட்டியிருக்க வேண்டும்.

அடுத்த நாள் பின்னேரம் ஜூட் நேரத்தோடு வீட்டுக்கு வந்தார். கையுறையைக் கழுவிக் குசினி யன்னலில் காயப்போட்டார். இறுதியாட்டத்துக்குப் புதுப் பெடியன் ஒருவனைப் போட்டிருக்கிறார்களாம்.

"இஞ்சேரும், இருவது வீதமெண்டா எவ்வளவு?"

"அஞ்சிலை ஒண்டு."

"அப்ப நாலை விட்டிருக்கிறன்." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு அப்பிடித் தெரியேல்லை. ஆனா நீர் கணக்குப் படிச்ச ஆள்."

கோபித்திருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். அவர் நம்பிவிட்டார். ஐயோ, அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க ஏலாது.

இறுதியாட்டம் கிண்ணியாக் கழகத்தோடு. நான் வெட்கமில்லாமல் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், கோடு போடக் கிண்ணியாக் கோலுக்குப் பின்னால் இருத்தினேன். எங்கள் மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கடல். பந்து தண்ணீருக்குள் போனால் முதலில் எடுக்கிற பிள்ளைதான் அதைத் திரும்ப மைதானத்துக்குள் எறியலாம் என்பது அங்கே எழுதாத சட்டம். அந்த மரியாதைக்காகப் பிள்ளைகள் உயிரையும் விடுவார்கள். கிண்ணியாக் காப்பாளர் பாய்ந்து ஒரு பந்தைக் குத்தினார். அது நேரே கடலுக்குள் போனது. என் வகுப்பு முழுவதும் பென்சிலை எறிந்துவிட்டுக் கூக்குரலோடு தண்ணீருக்கு ஓடியது. நான் வெறும் கொப்பிகளைப் பார்த்தபடி நின்றேன்.

ஈரச் சட்டையோடு முதலில் திரும்பி வந்த என் வகுப்புப் பிள்ளை சஹ்லாவைப் பிடித்தேன்.

"பிள்ளை, இப்ப தடுத்த பந்துக்குக் கோடு போட்டியா?"

"இல்லை ரீச்சர். பந்து கடலுக்க போனா நாங்க எல்லாரும் ஓடிருவமே."

"ஜூட் மாமா குத்தின பந்துகளுக்கு?"

"அவர் குத்தினா எல்லாம் கடலுக்கதான் ரீச்சர்! அவர்தான் நல்லாக் குத்துவார்."

கோல் போன பந்து வலைக்குள் கிடக்கும்; பிள்ளைகள் ஆறுதலாக இருந்து கோடு போட்டிருக்கிறார்கள். அவர் தடுத்த பந்துகளெல்லாம் கடலுக்குப் போயிருக்கின்றன, கோடில்லாமல். கையில் பிடித்து நிறுத்திய கொஞ்சம்தான் அந்த ஐந்தில் ஒன்று.

எங்கள் கழகம் வென்றது. அன்றைக்கு எங்கள் கோலுக்கு ஒழுங்கான ஒரு பந்துகூட வரவில்லை. நடுவில் ஒரு கதிரையைப் போட்டிருந்தாலும் வென்றிருப்போம். புதுப் பெடியன் கப்பைத் தூக்கினான். ஜூட் தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

செல்வம் அண்ணையிடம் ஓடிப்போய் விசயத்தைச் சொன்னேன். "கப் வந்திட்டுது தங்கச்சி, இனி ஏன் அந்தக் கதை?" என்றுவிட்டார். ஜூட்டிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப என்ர கை நல்லாத்தான் இருந்திருக்கு, என்ன?"

அதற்குப் பிறகு அவர் கோலுக்குள் நிற்கவில்லை. புதுப் பெடியன் கப் எடுத்த பெடியன். அவனை ஆர் விலத்துவது? நான் இப்போதும் சதவீதம் படிப்பிக்கிறேன், கேக்கை வெட்டி.

எங்கள் வீட்டில் மட்டும் கணக்கு முடியவில்லை. ஜூட் பைப்பைத் திருத்தினாலும் சரி, எங்கள் மகளைப் பள்ளிக்கு நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டாலும் சரி, அவரின் அம்மா, என் மாமி, கேட்பா: "ரீச்சர், கோடு போட்டாச்சோ?" மகளும் பழகிவிட்டாள். போன கிழமை அலுமாரிக்கு மேலிருந்து கண்ணாடிச் சாடி ஒன்று சரிந்தது. ஜூட் முழங்கால் சத்தம் போடப் பாய்ந்து ஒரு கையால் பிடித்தார். வீடே "கோடு! கோடு!" என்று கத்தியது.

"போட்டாச்சு, போட்டாச்சு" என்றேன் நானும். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகும் அவர் சாடியைக் கீழே வைக்காமல் பிடித்தபடியே நின்றார்.