நாலாவது கிண்ணமும் மூலை வீட்டுப் பனியும்

பந்தயம் பிடிக்கிறவர் என்றொரு மனித இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாதவர் அல்ல. இவரைச் சூதாடியோடு குழப்பிவிடாதீர்கள், கோபம் வரும். சூதாடி காசை வைப்பான், தோற்றால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவான். இவர் காசு வைப்பதில்லை, தன் சொல்லை வைப்பார். கலியாண மண்டபத்துக்கு மாப்பிள்ளை எத்தனை மணி பிந்தி வருவார், அடுத்த தேர்தலில் யார் கவிழ்வார், எதிர்வீட்டுக்காரர் புதுக் காரை எத்தனை நாளில் இடிப்பார், எல்லாவற்றிலும் இவருக்குத் தீர்மானமான கருத்து உண்டு. அதை மறுக்க நீங்கள் வாயைத் திறப்பதற்குள் வலது கை நீளும். "பந்தயம் பிடிப்பமோ?"

பனி கொட்டும் மில்லிக்கன் என்ற ஊரில் வசிக்கும் தில்லையம்பலம் இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி. வயது அறுபத்திரண்டு. ஒரு நாளும் டெனிஸ் மட்டையைக் கையால் தொட்டதில்லை. அது ஒரு குறையா? தொட்டவர்கள் தங்கள் விளையாட்டைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். தொடாதவருக்குத்தான் உலகத்தார் எல்லாருடைய விளையாட்டையும் பற்றிப் பேச நேரம் இருக்கும்.

அந்த வருடம் ஜனவரியில் மெல்பேர்ணில் இருபத்திரண்டு வயதுப் பெடியன் ஒருவன் டெனிஸின் நாலு பெரிய கிண்ணங்களில் முதலாவதை வென்றான். பெயர் நமக்கு வேண்டாம். தில்லையம்பலமே அவனை "எங்கடை பெடியன்" என்றுதான் சொல்வார், ஏதோ பால்போத்தல் பிடித்து வளர்த்தவர் போல. அன்று காலை அவர் பனி தள்ள வெளியே வந்தபோது, பக்கத்து வீட்டு றோயும் பனி அள்ளும் சவளோடு நின்றான்.

"எழுதி வை றோய். பாரிஸ், விம்பிள்டன், நியூயோர்க், இந்த வருசம் நாலு பெரிய கிண்ணமும் இவனுக்குத்தான்."

"நாலும் ஒரே வருசத்திலயோ? சரித்திரத்திலயே ரெண்டு ஆம்பிளையள்தான் செய்தவை. சும்மா இருங்கோ அண்ணை."

கை நீண்டது.

என்ன பந்தயம் என்று யோசிக்க நேரம் எடுக்கவில்லை. முழங்கால் அளவு பனியில் நிற்பவர்களுக்கு வேறென்ன தோன்றும்? தோற்றவர் அடுத்த குளிர்காலம் முழுவதும் வென்றவரின் கார் நிறுத்தும் டிரைவ்வேயில் பனி தள்ள வேண்டும். தில்லையம்பலம் பழைய நாரிப்பிடிப்புக்காரர், குனிந்தால் இடுப்பு நிமிராது. அந்த நாரியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

பாரிஸ் இறுதி ஆட்டத்தில் பெடியன் இரண்டு செற் பின்னால் நின்றான். தில்லையம்பலத்தின் மனைவி இராஜேஸ்வரி குசினியில் முதல் கட்லெட்டை எண்ணெயில் போட்டார், ஆட்டம் திரும்பிவிட்டது. போதாதா? விம்பிள்டனில் பெடியன் பின்னடைந்த போதெல்லாம் "கட்லெட்டைப் போடு" என்று குசினிக்கு உத்தரவு பறந்தது. ஐந்தாவது செற் முடியும்போது வீட்டில் நாற்பத்து மூன்று கட்லெட்டும் ஒரு கிண்ணமும் இருந்தன. செற் என்றால் என்னவென்றே தெரியாதிருந்த இராஜேஸ்வரி, அதற்குள் பெடியனின் தாயை முகம் பார்த்து அறியும் அளவுக்கு வந்திருந்தார். "அந்த மனுசி ஒண்டும் சாப்பிடேல்லைப் போல கிடக்கு" என்று கவலைப்பட்டார்.

மூன்று கிண்ணமும் வந்தாயிற்று. தலைமயிர் வெட்டுகிறவர், குடும்ப வைத்தியரின் வரவேற்பாளர், கோயிலில் அன்னதான வரிசையில் முன்னுக்கும் பின்னுக்கும் நின்றவர்கள், எல்லோருக்கும் தில்லையம்பலம் தன் ஜனவரித் தீர்க்கதரிசனத்தைச் சொல்லி முடித்திருந்தார். இப்போது ஒரு ரகசியம் சொல்கிறேன். பந்தயம் பிடிக்கிறவர் தோற்கும்போது அசையமாட்டார். வெல்லப் போகும்போதுதான் நடுங்குவார்.

நியூயோர்க் இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள், பெடியன் முழங்காலில் கட்டுப் போட்டிருந்ததைத் தொலைக்காட்சியில் காட்டிவிட்டார்கள். அன்றைக்குப் பார்த்து மூலை வீட்டு யோகமலர் தன் தோட்டத்துப் புடலங்காய் இரண்டோடு வந்தார். அவர் ஒரு நாளும் டெனிஸ் பார்த்ததில்லை. தில்லையம்பலத்தைப் பார்த்திருக்கிறார், அது போதும்.

"உங்கடை பெடியன் நாளைக்கு வெல்லுவான் என்ன அண்ணை?"

"எங்கை வெல்லுறது. முழங்கால் போயிட்டுது. தோத்துப்போவான்."

"நான் வெல்லுவான் எண்டுறன். றோயோடை பிடிச்ச அதே பந்தயம்தான். பிடிப்பமோ?"

வாழ்க்கையில் முதல் தடவையாக வேறொருவர் கை நீட்ட, அவர் பிடித்தார். உள்ளே ஒரு கணக்கு ஓடியது. பெடியன் வென்றால் றோய் வந்து என் வாசலில் பனி தள்ளுவான். தோற்றால் யோகமலர் தள்ளுவார். எப்படிப் பார்த்தாலும் என் வாசல் துப்பரவு. எவ்வளவு அழகான கணக்கு. எப்படிப் பார்த்தாலும் தானும் யாரோ ஒருவருடைய வாசலில் நிற்க வேண்டிவரும் என்பது மட்டும் அதில் விடுபட்டுப் போயிற்று. காசென்றால் ஒன்றுக்கொன்று கழித்துவிடலாம். பனியை எப்படிக் கழிப்பது? அதிலும் றோயின் டிரைவ்வேயில் ஒரு கார்தான் நிற்கும். மூலை வீட்டில் இரண்டு கார் அகலம், பின்வாசல் வரைக்கும் ஒரு பாதை. போதாததற்கு நகரசபையின் பனி வண்டி திரும்பும்போது தெருப் பனியை எல்லாம் அந்த வாசலில்தான் குவித்துவிட்டுப் போகும்.

ஞாயிறு பின்னேரம் ஆட்டம் தொடங்கியது. பெடியன் நல்ல அடி ஒன்று அடித்தால் தில்லையம்பலத்துக்கு நாரி வலித்தது. பந்தை வலையில் போட்டால் நெஞ்சு வலித்தது. முதல் செற் போயிற்று.

"இஞ்சேருங்கோ, கட்லெட்டைப் போடவோ, விடவோ?"

"கொஞ்சம் பொறு."

"எதுக்குப் பொறுக்க?" இராஜேஸ்வரி குசினி வாசலுக்கு வந்து நின்றார். "நீங்கள் இப்ப ஆருடைய பக்கம்?"

தில்லையம்பலம் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

"எனக்கு அந்தப் பிள்ளை வெல்ல வேணும். நான் பொரிக்கப்போறன்."

பொரித்தார். பெடியன் வென்றான். நாலாவது கிண்ணம். அவன் தரையில் முழங்காலிட்டு அழ, இராஜேஸ்வரி எண்ணெய்க் கையோடு நின்று தானும் அழுதார். அந்தத் தெருவிலேயே அவனை முதலில் நம்பிய மனிதருக்குக் கைதட்ட வரவில்லை. அது அவருக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது. எட்டு மாதம் நம்பினவர் கடைசி ஒரு நாள் நம்பாமல் விட்டார். கிண்ணம் அந்த நாளில் வந்து தொலைத்தது.

டிசம்பரில் முதல் பெரும் பனி கொட்டியது. றோய் சொன்ன சொல் தவறாமல் சவளோடு வந்து, பத்து நிமிடத்தில் தில்லையம்பலத்தின் வாசலைத் துடைத்து வைத்ததுபோல் ஆக்கிவிட்டு, இராஜேஸ்வரி கொடுத்த தேத்தண்ணியும் கட்லெட்டுமாக வாசலில் நின்றான். வீட்டுக்காரர் எங்கே? மூலையில். பனி வண்டி இரண்டாவது தடவையாகக் குவித்துவிட்டுப் போன மலையோடு நாரியைப் பிடித்தபடி நின்றார். யோகமலரின் மேல்மாடி யன்னல் திறந்தது.

"அண்ணை, பின்வாசல் பாதையை மறந்துபோடாதேங்கோ."

"அண்ணை," என்று இங்கிருந்து றோயும் கட்லெட்டை உயர்த்திக் காட்டினான், "ஜனவரியில நீங்கள் சொன்னது சரி. நாலும் வெண்டிட்டான்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கடை திறந்த மைத்துனரின் கையைப் பிடித்து "நீ வெல்லுவாய்" என்று வாழ்த்திவிட்டு, காரில் ஏறியதும் "ஆறு மாசம் தாக்குப் பிடிக்காது" என்று மனைவியிடம் சொன்னது யார்? மகள் பரீட்சையில் கட்டாயம் பாஸாவாள் என்று சொந்தக்காரர் எல்லோருக்கும் போன் போட்டுவிட்டு, பாஸாகாவிட்டால் வைத்துக்கொள்ளும் முகத்தைக் குளியலறைக் கண்ணாடியில் ஒருமுறை போட்டுப் பார்த்தது யார்? நான் பெயர் சொல்லப்போவதில்லை. சவளை மட்டும் கராஜில் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருங்கள். உங்கள் தெருவிலும் ஒரு மூலை வீடு இருக்கும்.