நைட்டிக்கு மேல் கோட்டு

கோட்டு போட்டுக்கொண்டால் அறிவு தானாக வந்துவிடும் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. அதுவும் விருத்தாசலத்தில், சித்திரை வெயிலில்.

புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு மாசக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். (உட்கார்ந்திருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. படுத்திருந்தேன்.) அப்பா ஊரில் ஒரு சின்ன செராமிக் யூனிட் நடத்துகிறார். பொம்மை, ஜாடி மாதிரி அழகான சமாச்சாரம் எதுவும் இல்லை. ஃப்யூஸ் கேரியர். மெயின் போர்டில் வெள்ளையாக ஒன்று செருகியிருக்குமே, பிடுங்கினால் வீடே இருண்டுபோகுமே, அதுதான். எங்கள் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சம் வந்தாலும் ஃப்யூஸ் கேரியருக்குப் பஞ்சம் வராது.

"ஆனி மாசத்துக்குள்ள வேல கெடைக்கலன்னா பி.எட். சேந்துடு" என்று அப்பா கெடு வைத்திருந்தார். எனக்குப் பிள்ளைகள் என்றால் பயம். ஒரு வகுப்பு நிறைய நாற்பது பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கனவில் கண்டு அலறி எழுந்திருக்கிறேன். ஆகவே கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் மனுப் போட்டேன். எல்லாக் கம்பெனியும் மௌனம் சாதித்தபோது, ஒரே ஒரு தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் மட்டும் ஆரம்பநிலை ஆராய்ச்சியாளர் வேலைக்கு என்னை ஆன்லைனில் நேர்காணல் செய்கிறேன் என்றது. இடம் சென்னை என்று விளம்பரத்தில் போட்டிருந்தது.

"அங்க என்னா வேல?" என்று அப்பா கேட்டார்.

"அடுத்த அஞ்சு வருஷத்துல எந்த டெக்னாலஜி வரும், எது போவும்னு ஆராய்ச்சி பண்ணி மத்த கம்பெனிங்களுக்குச் சொல்லுவாங்கப்பா."

"அதாவது ஜோசியம்."

"டேட்டா வச்சு சொல்றதுப்பா!"

"ஜோசியரும் சும்மாவா சொல்றாரு? பொறந்த நேரம் கேட்டுட்டுத்தான சொல்றாரு."

அம்மாவின் கணக்கு வேறு. "மெட்ராஸுன்னா சரி. வெடியகால ரயில் ஏறுனா மத்தியானச் சோத்துக்கு வூட்டுக்கு வந்துடலாம்" என்றாள். நான் ஒரே பிள்ளை. கல்லூரிக்கு என்னை விடுதியில் சேர்த்தபோதே, கேட்டுக்கு வெளியே நின்று அவள் அழுத அழுகையில் வாட்ச்மேனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நேர்காணல் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு என்று மின்னஞ்சல் வந்தது. அம்மா நேரே காலண்டரிடம் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் சரியில்லை.

"வெள்ளிக்கெழம பத்தரைக்கு மேல பன்னெண்டு வரைக்கும் ராகுகாலம்டி. போன் பண்ணி வேற நேரம் கேளு."

"எதுக்குன்னு கேட்டா? ராகுகாலம்னு சொல்லவா? அது டெக்னாலஜி கம்பெனிம்மா!"

"கம்பெனிக்கு ராகுகாலம் கெடையாதா?"

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. ராகுகாலத்தில் வெளியூர் கிளம்ப வேண்டி வந்தால், அதற்கு முன்னாலேயே நல்ல நேரத்தில் பையை மட்டும் கொண்டுபோய் எதிர் வீட்டில் வைத்துவிடுவோம். பை கிளம்பினால் ஆளே கிளம்பின மாதிரி. அப்புறம் எந்த நேரத்தில் போனாலும் ராகு கண்டுகொள்ளாது. அம்மா ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, இந்த வழியை இன்டர்நெட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"காலையில ஒம்பதரைக்கு நல்ல நேரம். அப்பவே அந்த லிங்க அமுக்கி உள்ள போயி ஒக்காந்துடு. அவங்க எப்ப வேணா வரட்டும். நம்ம ஆரம்பிச்சாச்சு."

நேர்காணலில் அறிவியல் மனப்பான்மையைப் பற்றி என்ன பேசலாம் என்று அப்போது மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். புத்தகத்தை மூடிவிட்டு, "சரிம்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை, அம்மா சூடம் காட்டிய கையோடு லிங்கை அழுத்தினேன். 'காத்திருக்கவும், அனுமதிக்கப்படுவீர்கள்' என்று திரையில் வந்தது. பதினோரு மணி வரை அனுமதிக்க மாட்டார்கள், நிதானமாகக் குளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் லேப்டாப்பைச் சும்மா விட்டால் திரை அணைந்துவிடும். அணைந்தால் போட்ட பிள்ளையார் சுழி வீண் என்பது அம்மாவின் கட்சி. எனவே அவள் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவ்வப்போது ஒரு விரலால் அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் தலைக்கு ஊற்றிக்கொண்டு, நைட்டியைப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது கூடத்தில் பேச்சுக் குரல் கேட்டது. எதிர் வீட்டு அத்தை வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"எட்டு மணிக்கு முன்னாடி எழுந்திரிச்சதா சரித்திரமே கெடையாதுங்க" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆனா நல்ல பொண்ணு. ஒரு வேலயச் சொன்னா நாலு தரம் சொல்லணும், அவ்ளோதான். நீங்க சாப்ட்டீங்களா? என்னா டிபன்?"

"பொங்கல் சாப்ட்டேங்க" என்றது லேப்டாப்.

எட்டிப் பார்த்தேன். திரையில் கண்ணாடி போட்ட ஒரு மேடம். பக்கத்துக் கட்டத்தில் ஒரு வடநாட்டு சார். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது அவர் எல்லாவற்றுக்கும் புன்னகைத்ததிலிருந்து தெரிந்தது.

"இதோ வந்துட்டாளே!" என்று அம்மா லேப்டாப்பை அப்படியே என் பக்கம் திருப்பினாள். தொழில்நுட்ப உலகம் என்னை முதன்முதலாகத் தரிசித்தது இந்தக் கோலத்தில்தான்.

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்களுக்கு முன்னாடி வர வேண்டியவர் வரலை. நீங்க ரெடின்னா இப்பவே ஆரம்பிச்சிடலாமா?" என்றார்.

"ஆரம்பிச்சிடுங்க, நல்ல நேரம்தான்" என்றாள் அம்மா, என்னைக் கேட்காமலே.

துண்டை எறிந்துவிட்டு, இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டிருந்த கறுப்புக் கோட்டை மாட்டினேன். தோழியின் அண்ணன் கல்யாண வரவேற்புக்குத் தைத்தது. நைட்டியைக் கழற்ற நேரமில்லை. கோட்டின் இரண்டு மடிப்புகளுக்கும் நடுவே ஆரஞ்சு நிறத்தில் பெரிய பெரிய செம்பருத்திப் பூக்கள் எட்டிப் பார்த்தன. ஈரத்தலை சொட்டிக் கோட்டின் முதுகு நனைந்தது. எதிரே, கேமராவில் தெரியாத இடத்தில், அம்மா மெயின் போர்டுக்குக் கீழே நின்றுகொண்டாள். அவள் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம்.

அதிசயம் என்னவென்றால், நான் நன்றாகவே பேசினேன். இதைவிடக் கேவலப்பட இனி வழியில்லை என்று தெரிந்ததும் ஒரு தைரியம் வந்துவிடுகிறது. மேடம் கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில் வெளுத்துக் கட்டினேன். கடைசியில், "ஒரு எண்ணைப் பார்த்தால் அது சரியா தப்பா என்று எப்படி முடிவு செய்வீர்கள்?" என்று கேட்டார்.

நெஞ்சை நிமிர்த்தினேன். (செம்பருத்திகளும் நிமிர்ந்தன.) "எந்த எண்ணையும் அது எங்கிருந்து வந்தது என்று சோதிக்காமல் நான் நம்புவதே இல்லை மேடம். அது என் ரத்தத்தில் ஊறிய பழக்கம்."

சார் முதன்முறையாகத் தலையாட்டினார். இருவரும் ஏதோ தட்டச்சு செய்து பரிமாறிக்கொண்டார்கள். பிறகு மேடமே தமிழுக்கு மாறினார். "எங்களுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ஒரே ஒரு விஷயம். முதல் ரெண்டு வருஷம் டெல்லி ஆபீஸ்ல இருக்கணும். சரின்னு சொன்னீங்கன்னா இப்பவே முடிச்சிடலாம். இன்னிக்கே முடிவு பண்ணியாகணும்."

சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். மின்விசிறி நின்றது. மேடம் வாயைப் பாதி திறந்தபடி உறைந்தார். அப்புறம் அவரும் இல்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று காலியான திரை சொன்னது.

"கரண்டு போயிடுச்சும்மா!" என்று அலறினேன். என் போனில் டேட்டா இல்லை. (வீட்டில் வைஃபை இருக்கும்போது வேலையில்லாதவளுக்கு ரீசார்ஜ் எதற்கு என்று அப்பா நிறுத்தியிருந்தார்.) நைட்டி, கோட்டு, ஈரத்தலையோடு தெருவுக்கு ஓடினேன். எதிர் வீட்டு அத்தை வாசலில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"என்னா வினோ, குளுருதா?" என்றார்.

"கரண்டு எப்ப வரும் அத்த?"

"எங்க வூட்டுல இருக்குதே!"

திரும்பி ஓடிவந்து போர்டைப் பார்த்தேன். மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது. ஃப்யூஸ் இருந்த இடத்தில் ஓட்டை. அம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையில் ஒரு பெரிய முடிச்சு.

"மணியப் பாரு" என்றாள் நிதானமாக. கடிகாரம் பத்து முப்பத்தைந்து காட்டியது. "ராகுகாலத்துல ஒரு வேலய ஒத்துக்குவாங்களா? பன்னெண்டுக்கு மேல நீயே கூப்ட்டு சரின்னு சொல்லு."

அப்பா யூனிட்டுக்குப் போயிருந்தார், எதிர் வீட்டு அத்தையிடம் இருந்ததோ பட்டன் போன். கெஞ்சினேன், அழுதேன், தரையில் உட்கார்ந்து காலை உதைத்தேன். ஃப்யூஸ் கேரியர் செய்கிறவர் வீட்டில் அன்றைக்கு உபரியாக ஒரு ஃப்யூஸ் கேரியர் கிடைக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு முடிச்சை அவிழ்த்தாள். கரண்டு வந்தது. கூடவே மின்னஞ்சலும் வந்தது. என்னைத் தொடர்புகொள்ள முடியாததால் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம், என் எதிர்காலத்துக்கு வாழ்த்துகளாம்.

ஒரு வாரம் நான் அம்மாவோடு பேசவில்லை. அவள் தினமும் எனக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தாள். நான் பேசாமலே சாப்பிட்டேன். நல்லவேளையாக, பி.எட். விண்ணப்பம் கைக்கு வந்த சமயத்தில் சென்னையில் வேறொரு ஆராய்ச்சி நிறுவனம் கூப்பிட்டது. அதைவிடச் சின்னது, சம்பளமும் கம்மி. சேர்ந்துவிட்டேன். அங்கே என் வேலை, பிறர் அறிக்கையில் தரும் எண்களெல்லாம் சரிதானா என்று சோதிப்பது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எதிர் வீட்டு அத்தைக்காக இந்தக் கதையை மறுபடியும் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "கடிகாரம் சரியா பத்து முப்பத்தஞ்சு அத்த, அஞ்சு நிமிஷத்துல என் வாழ்க்கை போச்சு" என்றேன்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "எந்தக் கடிகாரம்? இதுவா? இது பத்து நிமிஷம் முன்னாடி ஓடுமேடி. நீ காலேஜ்ல இருந்தப்ப ஒரு தரம் ரயில விட்டோம்னு நாந்தான் தள்ளி வச்சேன். உங்கம்மாவுக்குத் தெரியுமே."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். போனில் மணியைப் பார்த்தேன். மாசக்கணக்கில் அதன் கீழேயே படுத்துக்கிடந்தவள் நான். லேப்டாப்பின் மூலையில் கூட அன்றைக்குச் சரியான நேரம் இருந்திருக்கும். எந்த எண்ணையும் சோதிக்காமல் நம்பாத ரத்தம்!

"அம்மா," என்றேன், "நீ ஃப்யூஸப் புடுங்கறப்ப பத்து இருவத்தஞ்சுதானா?"

அம்மா வேகமாக அத்தையின் காலி டம்ளரை எடுத்தாள். அடுப்படி வாசலில் ஒரு கணம் நின்றாள். "மெட்ராஸுன்னு சொல்லியிருந்தாங்கன்னா நான் ஏன் புடுங்கப் போறேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே.

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அப்பா மட்டும் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப நல்ல நேரத்துலதான் புடுங்கியிருக்கா!" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது தூர ஊர்ப் பேச்சை எடுத்தால், "ஏய், அவ முந்தானயப் பாரு" என்பார் அப்பா.

இப்போது மாசத்தில் சில நாட்கள் ஊரிலிருந்தே வேலை பார்க்கிறேன். முன்ஜாக்கிரதையாக ஒரு இன்வெர்ட்டர் வாங்கி, வைஃபையை அதில் கோத்துவிட்டேன். போர்டில் யார் எதைப் பிடுங்கினாலும் இனி என் மீட்டிங் நிற்காது. மாட்டிய ஆள் போனதும் அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குங்குமம் வைத்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் குனிந்து பார்த்தாள்.

"ஏண்டி வினோ," என்றாள், "இதுல ஃப்யூஸு எங்க இருக்குது?"