மூன்றரை கிலோ வரை மட்டும்

"பீப்... பீப்... பீப்..."

சமையலறைக் கதவின் அடியில் லிஃப்ட் மெக்கானிக் பூனைக்காக அறுத்துப் பொருத்திய குட்டிக் கதவு பதினோராவது தடவையாகக் கத்தியது. வெளியே பூனையும் கத்தியது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு.

தம்பி வீட்டுக்குப் போயிருக்கும் மனைவி அஞ்சு மணிக்கு வந்துவிடுவாள். நேற்றே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"உங்க ஆராய்ச்சியில என் பூனை காணாமப் போச்சுன்னா, நானும் தம்பி வீட்டுலயே இருந்துக்குறேன். பாத்துக்குங்க."

சொன்னால் செய்துவிடுவாள்.

காலையில் அவர் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் கிளம்பியிருந்தாள். பூனையும் வீட்டில் இல்லை. தன் தானியங்கிக் கதவு வழியாகத்தான் அது வெளியே போயிருக்கிறது என்று பூரித்துப்போனார். மத்தியானம் அது திரும்பி வந்தபோதுதான் வம்பு ஆரம்பித்தது.

இருபது வருஷம் லிஃப்டிலேயே ஊறியவர் கதவையும் லிஃப்ட் மாதிரியே செய்திருந்தார். குட்டிக் கதவின் இருபுறமும் எடைத் தட்டு. மூன்றரை கிலோ ஏறி நின்றால் கதவு மேலே போகும். கூடினால் ஓவர்லோடு, கத்துமே தவிர திறக்காது. பூனையை முகம் பார்த்துக் கொஞ்சுவதெல்லாம் மனைவியின் இலாகா. அவருக்கு அது சாம்பல் நிறத்தில் மூன்றரை கிலோ, அவ்வளவுதான்.

வெளித் தட்டு இப்போது நாலே கால் கிலோ காட்டியது.

"எந்த வீட்டுல போய் மூக்குப் பிடிக்கத் தின்னுட்டு வந்தே?"

பெரிய கதவைத் திறந்து தூக்கிவிடலாம் என்றால், தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் அது மதிலுக்குத் தாவியது. சாத்தினால், உள்ளே வைத்த மீனுக்காக மறுபடி வந்து தட்டில் நின்றது.

வேறு வழியில்லாமல் அளவை ஐந்து கிலோவுக்கு ஏற்றினார். பூனை நின்றது. கதவு திறந்தது. கூடவே, பழைய லிஃப்டிலிருந்து கழற்றி மாட்டியிருந்த பெண் குரல் கணீரென்று அறிவித்தது.

"தரைத்தளம்!"

பூனை ஒரே பாய்ச்சலில் ஜன்னல் சன்ஷேடுக்குப் போய்விட்டது.

மணி நாலரை. வியர்த்துக் கொட்ட, குரலுக்குப் போகும் ஒயரை வெட்டினார். மீனைக் காட்டிக் காட்டிக் கெஞ்சினார். பூனை மனமிரங்கி வந்தது. தலை உள்ளே வந்தது, முன்னங்கால்கள் வந்தன, அதற்குள் கதவு இறங்கிவிட்டது. குறுக்கே யாராவது நின்றால் கதவை நிறுத்தும் சென்சாரின் ஒயரும் அதோடு சேர்ந்து வெட்டுப்பட்டிருந்தது.

பூனை பாதி உள்ளே, பாதி வெளியே நின்று அலறியது. அவர் வாய் பழக்கதோஷத்தில் தானாகப் பேசியது.

"பதறாதீங்க. காத்து வரும். கதவைத் தள்ளாதீங்க. ரெண்டே நிமிஷம், எடுத்துடுறோம்."

பயணி அவர் மணிக்கட்டில் நாலு கோடு போட்டது.

மோட்டார் அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவரை வீசிவிட்டுச் சுத்தியலை எடுத்தார்.

"உனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுடா. அவ இல்லாம என்னால ஒரு நாள் தள்ள முடியாது."

நாலே அடி. குட்டிக் கதவு, மோட்டார், சமையலறைக் கதவின் கீழ்ப் பாதி எல்லாம் சேர்ந்து பெயர்ந்து விழுந்தன. பூனை ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே பாய்ந்து, மீனை முடித்து, சாப்பாட்டு மேசைக்கடியில் உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டது. அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் கார் வந்து நின்றது. மனைவி கேட்டருகில் பக்கத்து வீட்டம்மாவோடு பேச ஆரம்பிக்க, மச்சினன் ஒரு மூடிய கூடையோடு முதலில் உள்ளே வந்தான்.

"என்ன மாமா இது, குண்டு விழுந்த மாதிரி இருக்கு?"

"கதவு போனாப் போகட்டும்ப்பா! மத்தியானத்திலேருந்து ஓவர்லோடு ஓவர்லோடுன்னு கத்தி என் உயிரை வாங்கிடுச்சு. பூனை பத்திரமா உள்ள இருக்கு. அதை மட்டும் அக்காகிட்ட முதல்ல சொல்லிடு."

மச்சினன் குனிந்து மேசைக்கடியில் வெகு நேரம் பார்த்தான்.

"உங்க கதவுக்குப் பயந்து அக்கா காலையிலேயே பூனையை எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டாங்க மாமா, இது வேற பூனைன்னு அந்தக் கதவுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு."