எல்லோரும் வாங்குகிற மழைக்கோட்டு

பெற்றவளுக்குத் தன் பிள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டும் அடையாளம் தெரியும் என்று எழுதுகிறவர்கள் யாரும், சைகோன் மழையில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலில் ஸ்கூட்டரோடு நின்றதில்லை. நான் நின்றிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

அப்போது என் மகள் ஆதிரைக்கு எட்டு வயது. என் கணவருக்கு வுங் டாவ் என்ற வியட்நாமியக் கடற்கரை ஊரில், கடலில் எண்ணெய் எடுக்கும் கம்பெனி ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி வேலை. வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம், சந்தை, சளி, ஜுரம் எல்லாம் என் பொறுப்பு. திருச்சியில் கணக்கு டீச்சராக இருந்தபோது டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவே பயந்தவள், இங்கே வந்து ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டேன். (கற்றுக்கொண்டேன் என்றால், விழாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.)

இந்த ஊரில் மழைக்காலம் என்றால், தினமும் சாயங்காலம் யாரோ மேலே உட்கார்ந்து அண்டாவைக் கவிழ்ப்பார்கள். முதல் வருடம் தெருவோரத்தில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன். கால்வாய்ப் பாலத்தின் உச்சியில் காற்று அதற்குள் புகுந்து பலூன் மாதிரி ஊதிவிட்டது. பிறகு ஒரு பக்கம் கிழிந்து என் முகத்தில் ஒட்டிக்கொண்டது. பாலத்தின் இறக்கம் முழுவதும் முருகன்தான் ஓட்டினான்.

இதைக் கேட்ட என் கணவர் போனிலேயே வகுப்பு எடுத்தார்.

"தையல் மேல டேப் ஒட்டியிருக்கான்னு பாரு. மணிக்கட்டுல இறுக்கமா இருக்கணும். சக்கரத்துல மாட்டுற மாதிரி தொங்கக் கூடாது. முக்கியமா கலர். மஞ்சள், இல்ல ஆரஞ்சு. லாரிக்காரன் கண்ணுல படணும்."

"நான் எண்ணெய்க் கிணறு தோண்டப் போகலைங்க. பிள்ளையக் கூப்பிடப் போறேன்."

"மஞ்சள் வாங்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நானும் ஆதிரையும் கடைக்குப் போனோம். வியட்நாமிய மொழியில் எனக்குப் பத்து வார்த்தை தெரியும், அதில் ஆறு காய்கறி. ஆதிரை இங்கேயே பள்ளிக்கூடம் சேர்ந்தவள், கிளி மாதிரி பேசுவாள். கடைக்கார அம்மாள் முதலில் கோட்டும் பேன்ட்டுமாக ஒரு செட்டைக் கொடுத்தாள். ஒற்றைக் காலில் தத்தித் தத்தி அந்தப் பேன்ட்டை மாட்டுவதற்குள் ஒரு மழையே பெய்து ஓய்ந்துவிடும். மாட்டி முடித்ததும் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி வெந்தேன். அதுவும் மஞ்சள். கண்ணாடியில் பார்த்தால், ரோடு போடுகிற இடத்தில் குறுக்கே நிறுத்தி வைக்கிற டிரம்.

அடுத்து, தலை வழியாக மாட்டிக்கொள்ளும் அகலமான போர்வை மாதிரி ஒன்று. முன்பக்கம் ஸ்கூட்டரின் விளக்கு தெரிவதற்கென்று கண்ணாடி போன்ற ஜன்னல்கூட வைத்திருந்தார்கள். பின்னால் உட்காருகிறவரும் அதற்குள்ளேயே அடங்கிவிடலாம். இதில் இரண்டு வகை. ஓட்டுகிறவருக்கு மட்டும் தலை விட ஓட்டை உள்ளது ஒன்று, பின்னால் இருப்பவருக்கும் சேர்த்து இரண்டு ஓட்டை உள்ளது இன்னொன்று.

"அம்மா, பிள்ளைங்களுக்கு ரெண்டு தலை வச்சதுதான் நல்லதுன்னு ஆன்ட்டி சொல்றாங்க" என்றாள் ஆதிரை.

"மூஞ்சியெல்லாம் சாரல் அடிக்கும். சளி பிடிக்கும்."

"எனக்கு வெளிய பாக்கணும்மா."

"வெளிய என்ன இருக்கு? மழைதான் இருக்கு."

அவள் அந்தப் பதிலை மொழிபெயர்க்காமல் கடைக்காரம்மாளைப் பார்த்துத் தோளைக் குலுக்கினாள். பிறகு நான் நம் ஊரில் பிரஷர் குக்கர் வாங்கும்போது கேட்கிற கேள்வியைக் கேட்கச் சொன்னேன். "எது நல்லா ஓடுது? எல்லாரும் எதை வாங்கறாங்க?"

கடைக்காரம்மாள் யோசிக்காமல் கருநீல நிறத்தை எடுத்துப் போட்டாள். அழுக்கும் தெரியாது. புடவையாக இருந்தால், எதிர் வீட்டுக்காரி அதையே கட்டியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே பீரோ அடியில் தள்ளிவிடுவேன். மழைக்கோட்டு விஷயத்தில் மட்டும், ஊரே வாங்குகிறது என்றால் ஊருக்குத் தெரியாததா என்று நினைத்தேன். ஒற்றைத் தலை, கருநீலம். வாங்கியாயிற்று. (கணவரிடம் "மஞ்சள் ஸ்டாக் இல்லை" என்று சொன்னேன்.)

அடுத்த வாரம் அந்தச் சாயங்காலம் வந்தது.

பள்ளிக்கூட வாசலில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டியிருந்தது. நூறு ஸ்கூட்டர்கள் கொம்பு கோத்த மாடுகள் மாதிரி நெருக்கிக்கொண்டு நின்றன. ஸ்கூட்டர் மேல் இருந்தவர்களில் பாதிப் பேர் கருநீலம். எல்லோருக்கும் ஹெல்மெட், எல்லோருக்கும் முகமூடித் துணி. என் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து, உலகமே மோர் மாதிரி தெரிந்தது. காவலாளி விசில் ஊதி ஊதி வண்டிகளை விரட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையும் ஹெல்மெட்டும் அணிந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஓடிவந்து, கோழிக் குஞ்சு தாயின் இறக்கைக்குள் போவது போல மழைக்கோட்டுகளுக்குள் நுழைந்தன.

என் முதுகுப் பக்கமும் கோட்டு தூக்கப்பட்டது. சீட்டு லேசாக அமுங்கியது. இரண்டு சின்னக் கைகள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டன.

"உக்காந்துட்டியா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. விசில் வந்தது. கிளம்பிவிட்டேன்.

அன்று கணக்குப் பரீட்சைத் தாள் வந்திருந்தது. வகுப்பு டீச்சர் மதியமே போனில் ஆங்கிலத்தில் தகவல் அனுப்பியிருந்தாள். கணக்கு டீச்சரின் மகள் பெருக்கலில் கோட்டை விட்டால் ரத்தம் கொதிக்காதா? வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே ஆரம்பித்தேன். "ஏழெட்டு ஐம்பத்தி நாலுன்னு எழுதியிருக்கியாமே, அந்தப் பள்ளிக்கூடத்துல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கறது?" பின்னால் சத்தமே இல்லை. வழக்கமாக ஒரு வார்த்தைக்கு நாலு வார்த்தை வரும். எனக்கு மனசு குளிர்ந்தது.

"இனிமே தினமும் வாய்ப்பாடு சொல்லுவியா?"

"யா" என்றது மெல்லிய குரல். இந்த ஊர்ப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு மரியாதையாகச் சொல்லும் "சரிங்க" அது. ஆதிரையும் என்னைச் சமாதானப்படுத்த அப்படிச் சொல்வதுண்டு. பள்ளிக்கூடம் நல்ல பழக்கம் சொல்லிக் கொடுத்திருக்கிறது என்று நெகிழ்ந்துபோனேன். அந்த நெகிழ்ச்சியில், உன் அப்பா இருக்காரே என்று தொடங்கி என் மாமியார் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன். இடையிடையே "யா" வந்தது. எட்டு வருடத்தில் எனக்கும் என் மகளுக்கும் இடையே இப்படி ஒரு புரிதல் இருந்ததே இல்லை.

எங்கள் வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. வாசல் தகரக் கூரைக்கு அடியில் நிறுத்தி, கோட்டைக் கழற்றி உதறிவிட்டுத் திரும்பினேன்.

இரட்டைப் பின்னல் போட்ட ஒரு வியட்நாமியச் சிறுமி ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, மார்பின் குறுக்கே கை கட்டி, இடுப்பு வளையக் குனிந்து எனக்கு வணக்கம் சொன்னாள்.

நானும் குனிந்து வணக்கம் சொன்னேன். (வேறு என்ன செய்ய?)

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. இவள் இங்கே என்றால் அவள் எங்கே? இந்தக் குழந்தையைப் பெற்றவள் இப்போது என்ன கதியில் இருப்பாள்? பிள்ளை பிடிக்கிறவள் என்று ஒருத்தியைச் சொல்வார்களே, அது நான்தான்! கணவருக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, ஆதிரை மாறிப்போயிட்டா."

"ஏன், அடம் பிடிக்கிறாளா?"

"இல்லங்க. வேற பொண்ணா இருக்கா."

"என்ன சொல்ற?"

"வீட்டு வாசல்ல வேற யாரோட பொண்ணோ நிக்குது. நான்தான் கூட்டிட்டு வந்தேன். நம்ம பொண்ணைக் காணோம்."

"உடனே ஸ்கூலுக்கு..." என்பதோடு போன் அணைந்தது. உள்ளே தண்ணீர் போய்விட்டது. மழைக்கோட்டு என் முழங்காலைக் காப்பாற்றியதே தவிர, சுடிதார்ப் பையைக் காப்பாற்றவில்லை.

திரும்பினேன். இந்தத் தடவை கோட்டை அந்தக் குழந்தைக்கு மட்டும் போட்டு, அவள் தலையை ஓட்டை வழியாக வெளியே எடுத்து, முகம் ஊருக்கே தெரியும்படி உட்கார வைத்தேன். ஒளித்து வைத்துக் கடத்துகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நான் காட்டன் சுடிதாரில் அந்த மழையில் ஓட்டினேன். தாழ்வான இடத்தில் தண்ணீர் புகைக்குழாயைத் தொட்டு வண்டி நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினேன். செருப்பில் ஒன்று தண்ணீரோடு போயிற்று. இந்த ஊர் முருகன் கோயில் இருக்கும் திசையென்று எனக்குத் தோன்றிய பக்கம் பார்த்து வாய்விட்டு வேண்டினேன்: "முருகா, என் பொண்ணு கெடச்சுட்டா என் வீட்டுக்காரருக்கு மொட்டை போடறேன்!"

பின்னாலிருந்து "யா" என்றது குழந்தை.

பள்ளிக்கூட வாசல் இப்போது காலி. காவலாளியின் கூண்டுக்குள் பிளாஸ்டிக் முக்காலியில் என் மகள் உட்கார்ந்து, காவலாளியின் ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு, மாங்காயும் மிளகாயும் போட்டுக் கலக்கிய அரிசி அப்பளத் துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தாள். (வயிற்றுக்கு ஆகாது என்று நான் தடை போட்டிருந்த தின்பண்டம்.) கூண்டுக்கு வெளியே இரண்டு பெண்கள். ஒருத்தி, என்னுடையதைப் போலவே கருநீல மழைக்கோட்டில் நின்று அழுதுகொண்டிருந்தாள். இன்னொருத்தி, பாதி விரல்களில் மட்டும் நகப் பூச்சோடு, எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து என் சீட்டிலிருந்த குழந்தையைக் கோட்டோடு சேர்த்துத் தூக்கினாள். அவள்தான் தாய்.

குழந்தையின் கன்னம், கை, கால் எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "சின் லோய், சின் லோய்" என்றேன். மன்னிப்புக் கேட்க அது ஒன்றுதான் தெரியும். ஆதிரை கூண்டிலிருந்து இறங்கி வந்து, அப்பளத்தை மென்றபடியே அவர்களிடம் நீளமாக ஏதோ சொன்னாள். அந்தத் தாயின் முகம் இளகி, என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

"என்னடி சொன்னே?"

"எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு சொன்னேன்."

"ஸ்கூட்டர் ஓட்டறவளைப் போயா?"

"அதான் அவங்களும் பயந்துட்டாங்க."

கதை விளங்கியது. அந்தச் சிறுமியின் பெயர் லின். வாடகை மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர்தான் அவளைத் தினமும் வீட்டில் விடுவார். அன்று அவருக்கு முடியவில்லை. "என் மனைவி வருவாள், நீலக் கோட்டு போட்டிருப்பாள்" என்று காலையிலேயே லின்னிடம் சொல்லியிருக்கிறார். நல்ல பிள்ளையாக அவளும் நீலக் கோட்டைப் பார்த்து ஏறிவிட்டாள். அழுதுகொண்டிருந்தவள்தான் அந்த மனைவி.

"அந்த அத்தை வழி முழுக்கப் போன்ல யாரையோ திட்டிக்கிட்டே வந்தாங்களாம்" என்று லின் சொன்னதை ஆதிரை மொழிபெயர்த்தாள். "வீட்டுல ஏதோ கஷ்டம் போலன்னு நெனச்சு, மரியாதைக்கு 'யா' சொன்னாளாம்."

லின்னின் அம்மா முதலில் சிரித்தாள். பிறகு காவலாளி, பிறகு அந்த மனைவி கண்ணீரோடு. நான் மட்டும் சிரிக்க முடியாமல் நின்றேன்.

வீட்டுக்குப் போகும்போது மழை விட்டிருந்தது. பாலத்தின் மேல் ஆதிரை என் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "நான் பின்னாடியே ஓடி வந்தேம்மா. அம்மான்னு கத்தினேன். அந்த வாசல்ல அம்மான்னு கூப்பிட்டா நீ ஒருத்திதான் திரும்பணும். நீயும் திரும்பல."

ஓரமாக நிறுத்தி, இறங்கி, அவளைக் கட்டிக்கொண்டேன். என் தோளில் முகத்தை வைத்தபடி, "அவளைத் திட்டிட்டே போறதைப் பாத்ததும் கொஞ்சம் நிம்மதியாவும் இருந்துச்சு" என்றாள்.

என் கணவருக்கு மொட்டை போட்டாயிற்று. "வேண்டிக்கிட்டது நீ, முடி மட்டும் என்னுதா?" என்று அவர் முணுமுணுத்தார். அலுவலகத்தில் எல்லோரும் துக்கம் விசாரித்தார்களாம். ஊரிலிருந்து யாராவது போன் செய்து "பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டால், இன்றைக்கும், "எது, நாங்க பெத்ததா, இவ பிடிச்சிட்டு வந்ததா?" என்பார்.

அந்த நாளிலிருந்து ஒரு சட்டம் போட்டேன். என் வண்டியில் யார் ஏறினாலும் பெயரைச் சொன்ன பிறகுதான் கிளப்புவேன். என் கணவர்கூட, சந்தை வாசலில் நாலு பேர் பார்க்க, "செல்வம், உன் புருஷன்" என்று அறிவித்துவிட்டுத்தான் உட்காருவார்.

போன மாதம் ஆதிரை கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு உயிர்த்தோழியாகிவிட்ட லின்னோடு, ஊரின் நடுப்பகுதியான டிஸ்ட்ரிக்ட் 1-இல் காபி குடிக்கப் போனவளை அழைத்துவரப் போனேன். மழை தொடங்கியிருந்தது. லின் கை கட்டிக் குனிந்து வணக்கம் சொன்னாள். பின் சீட்டு அமுங்கியது. நான் காத்திருந்தேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

"கெளம்பும்மா, நனையறோம்."

"பேரு?"

"அம்மா! எனக்குப் பத்தொம்பது வயசாச்சு."

"வயசைக் கேக்கலடி. பேரைக் கேட்டேன்."