ப்ராசஸர் இன்னும் முடிவாகவில்லை

வலது கையின் ஆள்காட்டி விரல் மவுஸ் சக்கரத்தை மேலே உருட்டுகிறது, கீழே உருட்டுகிறது. இடது கை தாடையில் இருக்கிறது. அவ்வப்போது இறங்கிவந்து, ஆறிப்போன காபியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. திரையில், கம்ப்யூட்டரின் மூளை எனப்படும் ப்ராசஸர்கள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றுக்குக் கோர் என்னும் உள்மூளை அதிகம். மற்றதற்கு மின்சாரப் பசி குறைவு. நேற்றும் இரண்டும் இப்படித்தான் நின்றன. போன வருடம் இதே இடத்தில் இவற்றின் அண்ணன்மார் நின்றார்கள்.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் தேர்வுத் திலகம். வீட்டில் ஒரு சர்வர் வைக்கப்போகிறவர். வைக்கப்போகிறவர் என்பதைக் கவனியுங்கள். அது அவருடைய நிரந்தரப் பதவி.

சர்வர் என்றால் வேறொன்றுமில்லை. வீட்டில் உள்ளவர்களின் படங்கள், பாட்டுகள், கோப்புகள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் பத்திரமாக வைத்திருந்து, கேட்டபோது எடுத்துக்கொடுக்கும் ஒரு கம்ப்யூட்டர். அவ்வளவுதான். ஆனால் அவ்வளவுதான் என்று திலகத்தின் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் ஏழெட்டுக் கம்ப்யூட்டர்களைக் குடிவைப்பது அவருடைய திட்டம். ஓர் அறையில் படங்கள், இன்னோர் அறையில் சினிமா, வாசல் கேமராவுக்குத் தனிக்குடித்தனம். ஒன்று மயங்கி விழுந்தாலும் அடுத்ததற்குச் சத்தம் கேட்காது. இந்தக் குடித்தனங்களைத்தான் விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். இத்தனை குடித்தனத்தையும் கட்டி மேய்க்க வேண்டுமென்றால் ப்ராசஸர் என்னும் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்? அவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.

இவரை அடையாளம் காண்பது எளிது. கூடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி நிற்கும். டிஸ்க் செருக வரிசையாக அறைகள், முன்பக்கம் வலைக்கதவு, நல்ல உயரம். உள்ளே காற்று. ப்ராசஸர் முடிவானால்தான் அதற்கேற்ற மதர்போர்டு வாங்க முடியும், மதர்போர்டு வந்தால்தான் மெமரி. ஆகவே பெட்டி காத்திருக்கிறது. வந்த விருந்தாளி ஒருவர் அதைப் பார்த்து, "ஸ்பீக்கர் ரொம்ப நல்லா இருக்கே, சத்தம் எப்படி?" என்று கேட்டிருக்கிறார். "சத்தமே வராது" என்றார் வீட்டம்மா. மழைக்காலத்தில் குடைகளை அதற்குள்தான் வைக்கிறார்கள், காற்றோட்டம் பிரமாதம்.

பெட்டிக்குப் பக்கத்தில் புத்தம் புதிய ஹார்ட் டிஸ்க் இரண்டு, உறை பிரிக்காமல். தள்ளுபடியில் வாங்கியவை. அவற்றின் வாரண்டி மட்டும் ஒருநாள்கூட ஓய்வெடுக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

திலகம் சோம்பேறி என்று நினைத்தால் அது அநியாயம். அலுவலகத்தில் மூன்று பேருக்கு அவர்தான் ப்ராசஸர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். மூவரும் அவர் சொன்னதையே வாங்கி, மாட்டி, நிம்மதியாக இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசினால் இவர் முகம் வாடிவிடும். "அவசரப்பட்டுட்டாங்க" என்பார்.

வீட்டில் நடக்கும் பேச்சுவார்த்தை இந்த மாதிரி இருக்கும்.

"என்னங்க, அந்தப் பெட்டிக்கு எப்பதான் உயிர் வரும்?"

"இந்த மாசமே வாங்கிடலாம். ஆனா அடுத்த தலைமுறை வரப்போகுது."

"நம்ம அடுத்த தலைமுறை காலேஜே முடிக்கப்போகுது."

"சொன்னா புரிஞ்சுக்கணும். இதுல தன் தப்பைத் தானே கண்டுபிடிச்சுத் திருத்திக்கிற மெமரி போடலாம். ஆனா எல்லா ப்ராசஸரும் அதை ஏத்துக்காது."

"தன் தப்பைத் தானே கண்டுபிடிக்குமா? அப்ப முதல்ல அதை வாங்குங்க. வீட்ல ஒண்ணாவது அப்படி இருக்கட்டும்."

அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். முதல் வகுப்பில் பிள்ளைகள் பாடுவதைப் பதிவுசெய்து வைத்திருந்து, அதே பிள்ளைகள் வளர்ந்து பள்ளியை விட்டுப் போகும் நாளில் அவர்களுக்கே போட்டுக் காட்டுவார். மீசை அரும்பிய பையன்கள் தங்கள் கீச்சுக்குரலைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்கி, பாதியில் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பதிவுகள் மொத்தமும் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. இந்த வருடம் பள்ளியை முடிக்கும் வகுப்புக்கு அடுத்த வாரம் கடைசி நாள்.

"ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுங்களேன்."

"பென்டிரைவா? அதுக்குப் பேரு சேமிப்பா? முக்கியமான எதுக்கும் மூணு பிரதி இருக்கணும். அதுல ஒண்ணு வேற இடத்துல இருக்கணும்."

"சரி. இப்ப எத்தனை இருக்கு?"

"ஒண்ணு."

இந்த இடத்தில் உங்களையும் என்னையும் போன்றவர்கள் பென்டிரைவைத் தேடப் போவோம். திலகம் போகவில்லை. அடுத்த வாரத்துக்குள் சர்வரையே முடித்துவிடுவதென்று வீறுகொண்டு எழுந்தார். எழுந்தவுடன் அவருக்கு ஓர் ஐயம் வந்தது: நம் வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு சக்தி தேவை? அளக்காமல் வாங்கலாமா? அதனால் பழைய கம்ப்யூட்டரில் ஒரு சோதனையை ஓட்டிவிட்டார். டிஸ்கில் இருப்பதையெல்லாம் ஓயாமல் படி, எழுது, மறுபடி படி. இரண்டு நாள் அதை விரட்டினால் துல்லியமான கணக்குக் கிடைக்குமாம். வயதான டிஸ்க். பாடுகிற பிள்ளைகளைச் சுமந்துகொண்டு அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் போய் ஓட்டப் பந்தயத்தில் விட்டார் மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அது பேசியது. டக். டக். டக்.

திலகத்துக்கு அந்தச் சத்தத்தின் பொருள் தெரியும். எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறார். உடனே சோதனையை நிறுத்தினார். காய்கறி நறுக்கிக்கொண்டிருந்த டீச்சர் கத்தியோடு வந்து நின்றார்.

"என்ன சத்தம் அது?"

"டிஸ்க்... கொஞ்சம் சரியில்ல."

"என் பிள்ளைங்க பாட்டு?"

அவர் குனிந்து கம்ப்யூட்டரை அணைத்தார். டீச்சர் திட்டவில்லை. சமையலறைக்குத் திரும்பிப் போனார். அதன் பிறகு நறுக்குகிற சத்தம் கேட்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கைகள் மவுஸை விட்டு இறங்கின. மகள் ஒதுக்கிப்போட்ட லேப்டாப் ஒன்று அலமாரிமேல் கிடந்தது. மடக்குகிற இடம் உடைந்தது, இரண்டு எழுத்துப் பொத்தான்கள் காணாமல் போனது. தூசியைத் தட்டினார். புதிய டிஸ்க் ஒன்றின் உறையைப் பல்லால் கிழித்தார். பழைய டிஸ்கைக் கழற்றி லேப்டாப்பில் இணைத்து, கோப்புகளை ஒவ்வொரு வகுப்பாகப் புதியதற்கு நகலெடுக்கத் தொடங்கினார். இந்த வருட வகுப்பு முதலில். டிஸ்க் விக்கும்போதெல்லாம் நிறுத்தினார், சூடு தணியவிட்டார், மறுபடி தொடங்கினார். ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: அந்த வேலையைப் பொறுமையாக, அழகாகச் செய்தார்.

மகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் சின்ன வயசுல சுருதியே இல்லாம பாடினது ஒண்ணு இருக்குமே, அது இன்னும் வரலையாப்பா?"

"கடைசில இருக்கு. டிஸ்க் அங்கதான் திணறுது."

"பாவம், ரொம்ப சிரமப்படுத்தாதீங்க. அது போனா போகட்டும்."

"அதுக்குத்தான்டி நான் உட்கார்ந்திருக்கேன்."

காத்திருக்கும் வேளையில் திலகத்தின் கண் பழக்கதோஷத்தால் ஒரு மூலைக்குப் போனது. லேப்டாப்பின் ப்ராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் எண். ஆறு சதவீதம். பக்கத்திலேயே ஒரு விர்ச்சுவல் மெஷினைக் குடிவைத்துப் பார்த்தார். ஒன்பது. இன்னொன்று, வாசல் கேமராவுக்கு. பதினொன்று. யாருமே தேர்ந்தெடுக்காத அந்த ப்ராசஸர் கால் நீட்டித் தூங்கிக்கொண்டே எல்லாவற்றையும் செய்தது. திலகம் திரையை வெகுநேரம் பார்த்தார். வாழ்க்கையில் சில எண்களைப் பார்க்காமல் இருப்பதே நல்லது.

சாயங்காலம் வாக்கில் கடைசிக் கோப்பும் வந்துசேர்ந்தது. மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். இரண்டாவது புதிய டிஸ்கிலும் ஒரு பிரதி போட்டார். கூடவே, எந்த விளக்கமும் கொடுக்காமல், ஒரு பென்டிரைவிலும் போட்டார்.

கறுப்புப் பெட்டியின் தலைமேல் லேப்டாப்பை வைத்தார். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

"இதுதான் சர்வரா?" என்றார் டீச்சர்.

"தற்காலிகம்தான். ப்ராசஸர் இன்னும் முடிவாகல."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு நேரத்தில் ஒரு ப்ராசஸரின் மாடல் எண்ணைக்கூட நான் சொல்லவில்லை. திரையில் நின்ற அந்த இரண்டும் எவை, லேப்டாப்பில் இருந்தது எது என்று உள்ளுக்குள் உங்களுக்கு அரிக்கவில்லையா? அரிக்கவில்லை என்றால் நல்லது, நிம்மதியாகத் தூங்குங்கள். அரித்ததென்றால், உங்கள் கூடத்தில் வாங்கி வைத்த பெட்டி ஏதாவது நிற்கிறதா, அதில் குடை இருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்த்துவிடுங்கள். போகிற வழியில் பழைய டிஸ்கின் பக்கம் காதைக் கொஞ்சம் சாயுங்கள்.

திலகம் பென்டிரைவைத் துடைத்து, டீச்சரின் உள்ளங்கையில் வைத்தார். டீச்சர் விரல்களை மூடிக்கொண்டார்.

"இந்தா. முதல் வகுப்புலேர்ந்து எல்லாம் இருக்கு."