ராகு காலம் தப்பிய நடவு

உத்திரமேரூர்
சுக்கில வருஷம், ஆனி மாதம்

சிரஞ்சீவி தம்பி முத்துகிருஷ்ணனுக்கு அக்காள் தாயாரம்மாள் மனசார ஆசீர்வதித்து எழுதுவது. வரதராஜப் பெருமாள் புண்ணியத்தில் இங்கே நான் சௌக்கியம், மாடு சௌக்கியம், ஏரியில் இன்னும் தண்ணீர் கீது. வடக்கே பிலாயில் உனக்கு வேளைக்குச் சோறும் ராத்திரியில் தூக்கமும் அவர்தான் கொடுக்க வேண்டும். உன் பெண் பவளத்தின் விஷயமாகத்தான் இந்தக் கடிதம். மாப்பிள்ளை ராஜாராம் இரண்டு வார்த்தையில் தந்தி அடித்துவிடலாம் என்றார். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் உன் பெண்ணோடு கிடந்தது நான், சேதி சொல்வது அவரா என்று தடுத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பாமல் வரிசையாகப் படி.

கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் பவளத்துக்குப் பிள்ளை இல்லை என்று சம்பந்தி ஆண்டாளம்மாள் பொங்கலுக்கு நம் வீட்டுக்கே வந்து, நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே, "ஆடி வரிக்கும் பாப்பேன். அப்பால தென்னேரியில ஒரு பொண்ணு கீது, அதைப் பேசி முடிச்சுடுவேன், யாரும் என்னைக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாப்பிள்ளை தங்கமானவர்தான், ஆனால் அம்மா எதிரில் அவருக்கு வாய் வராது. அவர்தான் சத்தமில்லாமல் மெட்ராஸில் ஒரு டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தார். அந்தம்மா எல்லாம் பார்த்துவிட்டு, கர்ப்பப்பைக்குப் போகிற குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் பெண்ணிடமிருந்து முட்டையும் ஆணிடமிருந்து விந்துவும் எடுத்து வெளியே ஒரு கண்ணாடித் தட்டில் சேர்த்து, கரு ஆனதும் மெல்லிசான குழாயில் எடுத்து உள்ளே விடுவோம் என்று சொன்னார்கள். மாப்பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கென்ன வெட்கம், "நாத்தங்கால்ல வெதச்சி, பறிச்சாந்து கழனியில நடறீங்க, அதானே?" என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "அதேதாம்மா. ஆனா நட்டதெல்லாம் பிடிக்கும்னு சொல்ல முடியாது" என்றார்கள். "எங்க ஊருலயும் அப்டிதாம்மா" என்று நானும் சொன்னேன்.

நடவு அன்றைக்குப் பகல் பன்னிரண்டுக்கு வந்து படுக்க வேண்டும் என்றார்கள். அங்கே சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். புதன்கிழமை, பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். வைக்கோலில் கட்டி வைத்த விதைநெல் கோட்டையைக்கூட அந்த நேரத்தில் நான் அவிழ்த்ததில்லை, குழந்தையை எப்படி வைப்பேன்? "கொஞ்சம் தள்ளி வச்சுக்கினா இன்னாம்மா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டதற்கு, "ராகு காலம் பாத்தா நான் பாதி நாள் சும்மா உக்காந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நான் பெருமாளே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, பெண்ணை மணையில் உட்கார வைப்பதற்கு முன்னால் அத்தைக்காரி என்ன செய்வாளோ அதைச் செய்தேன். கொல்லைக்கு, அதாவது கக்கூசுக்கு, அழைத்துப் போய் வந்து, கால் கழுவி, நெற்றிக்குத் திருமண் இட்டு உள்ளே அனுப்பினேன். போன வேகத்தில் நர்சு பாக்கியமேரி வெளியே வந்துவிட்டாள்.

"காலையிலருந்து தண்ணி குடிக்க வச்சி வயித்தை ரொப்பி வச்சா, யாரு இட்டுக்கினு போய்க் கொட்டியாந்தது?"

"நான்தான். மணையில உக்கார்ற பொண்ணை ஒண்ணுக்கு முட்டிக்கினா உக்கார வைப்பாங்க?"

"இது மணை இல்ல ஆயா, மேசை. மூத்திரப் பை ரொம்பினாத்தான் மிஷின்ல கர்ப்பப்பை தெரியும், குழாயும் ஒழுங்கா போவும். இப்ப மறுபடி ரொப்பணும்."

"தட்டுல கீற உசுரு வாடிப்பூடாதா?" என்றேன். அது சூட்டுப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, நீங்கள் பெண்ணுக்குத் தண்ணி கொடுங்கள் போதும் என்று சொம்பைக் கையில் திணித்தாள். பவளம் குடிக்கக் குடிக்க நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பெருமாளின் வேலை அப்போதுதான் புரிந்தது. பை நிறைந்து பெண்ணை மறுபடி படுக்க வைத்தபோது மணி ஒன்றே முக்கால். ராகு எழுந்து போய்விட்டான். மூன்று கரு விட்டார்கள் தம்பி, ஒன்று பிடித்துக்கொண்டது. போன வாரம் ஸ்கேனில் நெஞ்சு துடிக்கிறதை டாக்டரம்மா காட்டினார்கள். எனக்கு வெள்ளைப் புகையாகத்தான் தெரிந்தது, ஆனாலும் அழுதுவிட்டேன். பவளம் அழவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண்டாளம்மாளிடம் ராகு காலத்தைத் தப்ப வைத்த கதையைச் சொன்னேன். அவள் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லன்னா என் வம்சமே இல்ல அண்ணி" என்று சொல்லி, தென்னேரிக்கு அன்றைக்கே ஆள் அனுப்பி வேண்டாம் என்றுவிட்டாள். ஊரெல்லாம் அவளே சொல்லிப் பரப்பியதில், காவாந்தண்டலத்திலிருந்து இரண்டு பெண்கள் எந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போனார்கள். இனிமேலாவது நீ பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சீமந்தத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்து சேர். தாயாரும் பெருமாளும் உனக்குத் துணை நிற்கட்டும்.

உன் அக்காள்,
தாயாரம்மாள்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் பவளத்திடம் இதைப் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரி அத்தை, அன்னிக்குப் புதன் இல்ல, வியாழன்" என்கிறாள். ஆஸ்பத்திரிக் காலண்டரில் முந்தின நாள் தாளை யாரும் கிழிக்கவில்லையாம், நான் அதைப் பார்த்துவிட்டேன். வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரைக்குத்தான் ஆரம்பம். பன்னிரண்டுக்கு விட்டிருந்தால் நல்ல நேரம். நான்தான் கக்கூசுக்கு அழைத்துப் போய், ராகு வந்து உட்கார்ந்த பிறகு நட்டிருக்கிறேன். "ஏண்டி அப்பவே சொல்லல?" என்றேன். "சொல்லியிருந்தா மேசை மேலருந்து எழுப்பி மறுபடி இட்டுக்கினு போயிருப்ப. இன்னொரு தபா அவ்ளோ தண்ணி என்னால குடிக்க முடியாது" என்று சிரிக்கிறாள். அன்றைக்கு என்ன கிழமை என்று பெருமாளுக்குத் தெரியாமலா இருக்கும், தெரிந்துதான் கொடுத்திருக்கிறார். சம்பந்தியம்மாளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.