குலுக்கைக்குள் போன மருமகள்

ஒரு பொருளின் மேல் அளவுக்கு மீறி ஆசை வைத்தவர்கள், ஒருநாள் அந்தப் பொருளிடமே போய் வசமாக மாட்டிக்கொள்வார்கள். சாப்பாட்டு ஆசைக்காரர்கள் பந்தியில் மாட்டுவார்கள், புடவை ஆசைக்காரர்கள் ஆடித் தள்ளுபடியில் மாட்டுவார்கள். எனக்கு மண் சுவர் மேல் ஆசை. நான் எங்கே மாட்டினேன் என்பது எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்தவர்களுக்கெல்லாம் தெரியும். (விருந்தாளி செருப்பைக் கழற்றுவதற்குள் யாராவது சொல்லிவிடுவார்கள்.) மற்றவர்களுக்காக நானே சொல்லிவிடுகிறேன். அவர்கள் சொன்னால் என் எடையைக் கூட்டிச் சொல்வார்கள்.

கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து, பாளையங்கோட்டையில் எங்களுக்கு ஒரு மனை அமைந்தது. அதில் என்ன வீடு கட்டுவது என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பேச்சு வந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "மண் வீடு கட்டலாம்" என்றேன். மாமாவுக்குப் புரையேறிவிட்டது. மாமா என்றால் என் மாமனார். அவருக்கு ஊரில் சிமெண்ட் கடை.

தண்ணீர் குடித்துத் தெளிந்ததும் கேட்டார். "ஏம்மா, நான் சிமெண்ட் விக்கேன். எம் மருமக மண்ணுல வீடு கட்டிக் குடியிருந்தா, நாளைக்கு எவன் வந்து எங்கிட்ட மூடை வாங்குவான்?"

நியாயமான கேள்விதான். என் கணவர் முருகேசன் யார் பக்கமும் சாயாமல் தட்டில் இருந்த அவியலை ஆராய்ந்துகொண்டிருந்தார். (இன்றைக்கும் வீட்டில் வாக்குவாதம் வந்தால் அவருக்குக் காய்கறி மேல் தனி அக்கறை வந்துவிடும்.)

நான் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். தினமும் பஸ் ஜன்னல் வழியாக அந்தப் பக்கத்து வீடுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு இந்தப் பித்து பிடித்திருந்தது. அதனால் சவால் விட்டேன். "ஒரே ஒரு நாள் என்கூட நடந்து வாங்க மாமா. பார்த்துட்டு அப்பவும் வேண்டாம்னா, வீட்டைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்."

"வாயே திறக்க மாட்டியா? அப்ப வாரேன்" என்றார் மாமா. அவர் இவ்வளவு சுருக்கில் எதற்கும் சம்மதித்து நான் பார்த்ததில்லை.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பிசான நெல் அறுவடை முடிந்து வயலில் தாள் மட்டும் நின்றது. மாமா, முருகேசன், நான் மூன்று பேரும் ஸ்ரீவைகுண்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாய்க்கால் கரையோடு ஏரல் போகும் திசையில் நடந்தோம். மாமா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் குடை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சுவரைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். தட்டியதும் முகத்தில் ஒரு தீர்ப்பு வரும். எங்கள் கல்யாணத்தில் மண்டபத்துத் தூணைக்கூடத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறினாராம்.

முதலில் ஒரு குளத்து மடை. தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு கல் தூண்கள் எழுந்து நிற்க, குறுக்கே துளை போட்ட கல் சட்டங்கள். எத்தனை வெள்ளம் வந்து முட்டியிருக்கும்! ஒரு தூணும் சாயவில்லை. கரையோரமாக இருந்த கல்லை மாமா தட்டினார். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, விரல் முட்டிதான் சிவந்தது.

"உள்ள கம்பி ஒண்ணும் இல்லையா?"

"இல்ல மாமா."

"கலவை?"

"கல்லு மேல கல்லுதான் மாமா."

"ம்" என்றார். அந்த 'ம்'மை நான் என் கணக்கில் வரவு வைத்துக்கொண்டேன்.

அடுத்து, வயலுக்கு நடுவில் ஒரு கல் மண்டபம். அதன் உத்தரம் ஒவ்வொன்றும் ஒரே கல். அதை வண்டியில் ஏற்றியவர் யார், இறக்கியவர் யார், தூக்கி வைத்தபோது என்ன பாட்டுப் பாடினார்கள் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும். வெளியே வெயில் தீயாகக் காய்கிறது, உள்ளே தரையில் கால் வைத்தால் சில்லென்று இருக்கிறது. மாமா குடையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். "கொஞ்சம் இருப்போம்" என்றவர் குறட்டையே விட்டுவிட்டார். என் கணவரைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவர் தூரத்து வாழைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் வந்தது நான் காட்ட நினைத்த தெரு. முழங்கால் உயரத்துக்குக் கல் கட்டு, அதற்கு மேல் செம்மண் சுவர். அடியில் தடித்து, மேலே போகப் போக மெலியும் சுவர். அதன் மேல் பனங்கைச் சட்டங்கள் வைத்து ஓடு வேய்ந்த கூரை, மழை சுவரில் படாதபடி தாழ இறங்கியிருக்கும். ஒரு சுவரிலும் நூல் பிடித்த நேர்கோடு கிடையாது. ஆனாலும் ஒவ்வொன்றும் அத்தனை அழகாக, தான் எதற்காக நிற்கிறோம் என்று தெரிந்து நின்றது. நான் வகுப்பெடுக்கிற குரலில் ஆரம்பித்தேன். "பாருங்க மாமா, காலு கல்லு, உடம்பு மண்ணு, தலை பனை!"

"கறையான்?" என்றார் மாமா.

கறையானைப் பற்றி நான் தயார் செய்து வரவில்லை. "அதோ, பேச்சியம்மாக்கா வீடு" என்று பேச்சை மாற்றினேன்.

பேச்சியம்மாள் சொந்த வயலில் தானே இறங்கி விவசாயம் பார்க்கும் பெண்மணி. மகள் என்னிடம் படித்தவள். அந்த அக்கா வீட்டு முற்றத்தில் நெல் மூட்டைகள் தைத்து அடுக்கியிருந்தன. சாயங்காலம் வியாபாரி வண்டி வரும் என்றார். உள்ளே மோர் கொடுத்தார். மோர் குடித்துத் திரும்பியபோதுதான் அதைப் பார்த்தேன்.

அறையின் மூலையில் ஒரு குலுக்கை. நெல் கொட்டி வைக்க மண்ணாலேயே வனைந்த பத்தாயம். என்னைவிட உயரம், வயிறு பருத்து, மேலே வாய் குறுகி, மூடி போட்டுக் காலியாக நின்றது. அடியில் நெல்லை எடுக்கக் கைப்பிடி அளவு ஒரு துவாரம், அதைத் துணியால் அடைத்திருந்தார்கள். மண்ணையும் வைக்கோலையும் பிசைந்து, வளையம் வளையமாக அந்த அறைக்குள்ளேயே வைத்து எழுப்பியது. வாசலைவிடப் பெரியது என்பதால் இனி வெளியே கொண்டுபோகவும் முடியாது. அறைக்குள் இன்னொரு சின்ன வீடு! எனக்கு அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கைதான் எட்டவில்லை.

மாமா தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள காத்து ஏது? வெந்து போகுமே" என்றார்.

"இல்ல மாமா, குளுகுளுன்னு இருக்கும்."

"நீ உள்ள போயிப் பாத்தியாக்கும்?"

இந்த இடத்தில் புத்தியுள்ள ஒருத்தி சிரித்துவிட்டு இன்னொரு டம்ளர் மோர் கேட்டிருப்பாள். நான் பேச்சியம்மாளிடம், "அக்கா, இதுக்குள்ள ஆள் இறங்கலாமா?" என்று கேட்டேன்.

"எம் மவதான் எறங்கித் தூத்துப் பெருக்குவா. அவ முருங்கக்கா மாதிரி இருப்பா. டீச்சரு கொஞ்சம் பூசுனாப்புல இருக்கியளே" என்றார் அக்கா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏணியில் ஏறி, துப்பட்டாவை இடுப்பில் கட்டி, இரண்டு கையையும் மேலே தூக்கி உள்ளே காலை விட்டேன். இடுப்பு கொஞ்சம் யோசித்தது. பிறகு 'பொதுக்'கென்று உள்ளே போய் நின்றேன்.

அந்த முதல் நிமிடத்தை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது. பழைய நெல்லின் வாசனை. உடம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும் குளிர்ச்சி. உட்சுவரைத் தடவினால் அதைப் பூசி மெழுகியவளின் விரல் தடம் வரி வரியாகக் கையில் தட்டுப்பட்டது. "மாமா! ஏசி போட்ட மாதிரி இருக்கு!" என்று கத்தினேன். "சரி, வெளிய வா" என்றார் மாமா. அப்போதுதான் வெளியே வருவது என்று ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகம் வந்தது.

ஏணி வெளியே நின்றது. உள்ளே கால் வைக்கப் பிடிமானம் ஒன்றும் இல்லை. முருகேசன் ஒரு கையையும் பேச்சியம்மாக்கா ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். தலை வந்தது, தோள் வந்தது, இடுப்பு வரவில்லை. இறங்கும்போது எனக்கு உதவி செய்த எடை, ஏறும்போது கட்சி மாறிவிட்டது. மறுபடி உள்ளே விழுந்தேன். ஒரு முக்காலியை இறக்கினார்கள். அதில் ஏறினால் கழுத்துவரை வெளியே தெரிந்தது. அதற்குமேல் உந்தினால் முக்காலி சாய்ந்தது. அந்த ஒரு நிமிடத்தில் ஜன்னல் முழுக்கத் தெருச் சனம் நிற்பதையும் பார்த்துவிட்டேன். அதில் என் பழைய மாணவிகளும் இருந்தார்கள். "வணக்கம் டீச்சர்" என்றார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா போன் பண்ணினாள்.

"ஏட்டி, என்ன, கெணத்துக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு?"

"கெணறு இல்லம்மா, குலுக்கை."

"அதுக்குள்ள எதுக்குட்டி போன?"

"வீடு கட்டத்தாம்மா."

 "மாப்பிள்ளகிட்டப் போனக் குடு" என்றாள் அம்மா.

வெளியே ஆலோசனை நடந்தது. பேச்சியம்மாள் முடிவாகச் சொல்லிவிட்டார். "மனுசியவிடக் குலுக்கையா பெருசு? ஒடைச்சிருவோம். கடப்பாரைய எடுங்க."

"ஒடைக்கக்கூடாது!" என்று உள்ளேயிருந்து கத்தினேன். "ஒடைச்சா நான் வெளியவே வர மாட்டேன்!" என்னால் வெளியே வர முடியாதது ஊருக்கே தெரிந்த பிறகு இந்த மிரட்டலுக்கு என்ன மதிப்பு என்று கேட்காதீர்கள். ஆனால் மனசு உண்மையிலேயே பதறியது. இது எவ்வளவு உசத்தி என்று காட்டத்தானே ஆளைக் கூட்டி வந்தேன்? என்னாலேயே இது உடைந்தால் வீட்டைப் பற்றி நான் இனி எந்த முகத்தோடு வாய் திறப்பது? உள்ளே அழுதுவிட்டேன். (நெல் தூசி என்று பிறகு சொல்லிக்கொண்டேன்.)

முருகேசன் கடப்பாரையால் நோகாமல் இரண்டு போடு போட்டார். "அண்ணன் கோலம் போடுதாவளா?" என்று அக்கா கேட்டதும் மாமாவே அதை வாங்கினார். 'ணங்'கென்று ஒரு அடி. குலுக்கை அசையவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு மட்டும் பெயர்ந்தது. அடுத்த அடி விழவில்லை. பெயர்ந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த வைக்கோலைப் பிடித்து மாமா இழுத்துப் பார்த்தாராம். வரவில்லையாம்.

"இதுல என்னம்மா போட்டிருக்கு?"

"மண்ணும் வைக்கலுந்தான் அண்ணாச்சி. இன்னும் நாலு போடு போடுங்க, ஒடையத்தான் செய்யும்."

"ஒடையும். ஆனா ஒடைக்கப்படாது" என்றார் மாமா.

கடப்பாரையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு என் தோளுக்கு நேரே வெளியிலிருந்து 'டொக் டொக்'கென்று தட்டினார். நானும் உள்ளேயிருந்து பதிலுக்குத் தட்டினேன். "ஏம்மா, பயப்படாத. எலே முருகேசா, ஒரு மூடையப் பிரி. நெல்லைப் பைய உள்ள தட்டு. நெல்லு ஏற ஏற மருமக மேல வந்துருவா."

முக்காலியை வெளியே எடுத்துவிட்டு, தைத்து வைத்த மூட்டைகளைப் பேச்சியம்மாள் மறுபேச்சில்லாமல் பிரித்தார். மல்லிகைப்பூ வைத்த என் தலைமேல் நெல் கொட்டியது. "மிதிச்சு ஏறு, மிதிச்சு ஏறு" என்று மாமா ஏணியில் நின்று கத்த, நான் மிதித்து மிதித்து ஏறினேன். எத்தனை மூட்டை உள்ளே போனது என்று கீழே யாரோ கணக்குச் சொன்னார்கள். தலை, தோள், வயிறு என்று பொங்கல் பானை மாதிரிப் பைய மேலே எழும்பினேன். இடுப்பு மறுபடி யோசித்தது. காலுக்கடியில் நெல் இருந்ததால் இந்தத் தடவை உந்த முடிந்தது. வெளியே வந்து விழுந்தேன். ஒருத்தி குலவையே இட்டுவிட்டாள்.

கதை அதோடு முடியவில்லை. வியாபாரி வரும் நேரம், நெல்லோ குலுக்கைக்குள். அடித்துவாரத்தைத் திறந்தால் அது நூலாக மெல்லத்தான் வடியும். மாமா வெள்ளை வேட்டியோடு தரையில் உட்கார்ந்து சாக்கைப் பிடித்தார். முருகேசன் அள்ளினார். நான் தைத்தேன். பொழுது சாயும்வரை அதுதான் வேலை. கடைசியில் வியாபாரி ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, நெல்லுல மல்லியப்பூ கெடக்கு?" என்றார். "இந்த வருசம் அப்படித்தான் வெளஞ்சிருக்கு" என்றார் பேச்சியம்மாள். கிளம்புமுன் மாமா அந்தச் சில்லு பெயர்ந்த இடத்தை ஈர மண்ணை அப்பித் தன் கையாலேயே மெழுகிவிட்டு வந்தார்.

திரும்பும் பஸ்ஸில் மாமா வாயைத் திறக்கவில்லை. நானும்தான். பேச எனக்கு என்ன தகுதி இருந்தது? மனசுக்குள் சிமெண்ட் வீட்டுக்குக் குடிபோயாகிவிட்டது. கிருஷ்ணாபுரம் தாண்டியதும் மாமா தொண்டையைக் கனைத்தார்.

"அஸ்திவாரம் கல்லு. சுவரு மண்ணு. கறையானுக்கு நான் விசாரிக்கேன்."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த நான் சட்டென்று அவர் பக்கம் திரும்பினேன்.

"ஆனா வாசல் அளவு மட்டும் நான்தான் சொல்லுவேன்" என்றார்.

சொன்னார். கொத்தனார் முன்னால் என்னை நிறுத்தி, இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொள்ளச் சொல்லி, முழங்கைக்கு முழங்கை அளந்து, அதற்குமேல் இரண்டு சாண் கூட்டித்தான் எங்கள் வீட்டில் எல்லா வாசல் நிலையும் வைத்திருக்கிறது. பீரோவைத் திருப்பாமலே உள்ளே கொண்டுவந்தோம். கடைக்கு வருகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, சிமெண்ட் வித்துக்கிட்டு மண் வீட்டுல இருக்கிய?" என்று கேட்டால், "எல்லாருக்கும் எம் மருமக மாதிரி அமையுமா வே? நீரு மூடைய வாங்கும்" என்பார். கோடையில் வெளியே அனல் அடிக்கும்போது உள்ளே வந்து சுவரில் கன்னத்தை வைத்துக்கொள்வார். இப்போதெல்லாம் தட்டிப் பார்ப்பதில்லை, தடவித்தான் பார்க்கிறார்.

எப்போதாவது எனக்குக் கோபம் வந்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது உண்டு. எவ்வளவு கெஞ்சினாலும் திறப்பதில்லை என்று வைராக்கியமாகத்தான் உட்காருவேன். கொஞ்ச நேரத்தில் வெளியே சுவரில் 'டொக் டொக்' என்று கேட்கும். தொடர்ந்து மாமாவின் குரல் வரும்.

"எலே முருகேசா, ஒரு மூடை நெல்லு கொண்டா."